எந்தப் புளியமரம்?

பிரயாணம் என்றால் காசிக்கும் காஷ்மீரத்துக்கும் போய் வருவதுதான் என்று நம்மவர்களில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்து ஜில்லாவுக்குப் போய் வந்தவனை யாரும் பிரயாணி என்று சொல்வதில்லை. "ஏதோ காரியமாகப் போயிருந்தான்" என்று சொல்லி விட்டுவிடுவார்கள். இந்தப் பகுதியைத் தொடர்ந்து படித்துவரும் நேயர்களுக்கு என் கால்கள் எவ்வளவு தூரம் போகும் என்பது நன்றாகத் தெரியும். உபாத்தியாயர் சம்பளமும் பள்ளிக்கூடத்து லீவும் ஒன்றுகூடி ஆலோசித்து எவ்வளவு தூரத்துக்குச் சம்மதம் கொடுக்கின்றனவோ, அவ்வளவு தூரம். இந்தத் தடவை அவை கொடுத்த சம்மதம் கும்பகோணத்திலிருந்து வேதாரண்யம் வரை. சுமார் 100 கிலோமீட்டர்.

ஆனால், இந்தப் பிரயாணத்துக்கு நானாகக் கிளம்பவில்லை. பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் என்னைக் கிளப்பிவிட்டான். அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

பதினெட்டு வருஷமாக நான் சரித்திரப் பாடம் நடத்தி வருகிறேன். வருஷந்தோறும் உப்பு சத்தியாக்கிரகம் வரும். தண்டி யாத்திரையைச் சொல்லி முடித்தபிறகு, நமது தஞ்சை ஜில்லாவில் நடந்ததற்கு வருவேன். 1930-ம் வருஷம் ஏப்ரல் 13-ந் தேதி ராஜாஜி சுமார் நூறு தொண்டர்களுடன் திருச்சிராப்பள்ளியிலிருந்து கால்நடையாகக் கிளம்பினார். தஞ்சாவூர், கும்பகோணம், திருத்துறைப்பூண்டி வழியாக சுமார் 150 மைல் நடந்து, வேதாரண்யம் போய்ச் சேர்ந்து, ஏப்ரல் 30-ந் தேதி உப்பை அள்ளிச் சிறை புகுந்தார். அப்போது தஞ்சை ஜில்லா கலெக்டராக இருந்த தார்ன் துரை, இந்தத் தொண்டர்களுக்குச் சோறு போடுகிறவர்களுக்கும் தங்க இடம் கொடுக்கிறவர்களுக்கும் தண்டனை உண்டு என்று உத்தரவு போட்டார். ஆறு மாதம் வரை சிறை. ஜனங்கள் என்ன செய்தார்கள்? நேரில் கொடுத்தால்தானே குற்றம் என்று, வழியிலுள்ள மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள். இந்த இடத்துக்கு வரும்போது வகுப்பில் ஒரு பையன்கூடத் தூங்க மாட்டான். அந்தச் சமயம் பார்த்து நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அப்படிக் கட்டித் தொங்கவிட்டவர்களில் என் கொள்ளுத்தாத்தாவும் ஒருவர். அவர் கிராம முன்சீப். சர்க்கார் உத்தியோகஸ்தராக இருந்தும் புளியமரத்தில் சோறு கட்டினார்" என்பேன். வகுப்பு என்னை ஒரு புதிய மரியாதையோடு பார்க்கும். பரீட்சை விடைத்தாள் கொடுக்கும் நாள் வரையில் அந்த மரியாதை நிற்கும்.

இந்த வருஷமும் சொன்னேன். மூன்றாவது பெஞ்சியிலிருந்து ஒருவன் எழுந்து, "எந்தப் புளியமரம், சார்? இன்னும் இருக்கிறதா?" என்று கேட்டான்.

குறும்புக்காகக் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் போய்ப் பார்க்கலாம் என்ற உண்மையான ஆசையுடன் கேட்டான். "விசாரித்துச் சொல்கிறேன்" என்று சொல்லி உட்கார வைத்தேன்.

விசாரிப்பதற்கு ஒன்றும் இல்லை என்பது எனக்குப் பன்னிரண்டு வருஷமாகத் தெரியும். என் தாத்தாவின் தங்கை, எங்களுக்கெல்லாம் அத்தைப் பாட்டி, 1930-ல் ஏழு வயதுப் பெண். தொண்ணூறாவது வயதில், காது மந்தமாகியும் ஞாபகம் மந்தமாகாமல் இருந்தவள். நான் ஒரு நாள் அவளிடம் இந்தக் கதையை மெய்மறந்து சொல்லிக்கொண்டிருந்தபோது, "யார் கட்டினது? அப்பாவா?" என்று கேட்டாள். பிறகு, "வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு எங்களையெல்லாம் பின்கட்டில் உட்கார வைத்துவிட்டார். பாட்டுச் சத்தம் மட்டும் கேட்டது. அம்மா ஒரு பானை சோறு வடித்து வைத்திருந்தாள். கதவைத் திறக்கவே விடவில்லை. அன்று ராத்திரி அப்பா சாப்பிடவில்லை, அது மட்டும் ஞாபகம் இருக்கிறது" என்றாள்.

அப்படியானால் புளியமரம் எங்கிருந்து வந்தது? 1947-க்குப் பிறகு எப்போதோ, என் தாத்தாவின் வாயில் முளைத்திருக்க வேண்டும். அந்தச் சாலையோரத்து ஊர்களில் எந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தாலும் அவர்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் சோறு கட்டியிருப்பார். அத்தனை பேரும் கட்டியது நிஜமானால் கிளைகள் ஒடிந்திருக்கும். தொண்டர்கள் அஜீர்ணத்தினால் வேதாரண்யம் போய்ச் சேர்ந்திருக்க மாட்டார்கள். ஆனாலும், உண்மை தெரிந்த பிறகும் பன்னிரண்டு வருஷம் அதே கதையை வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தவன் என் தாத்தா அல்ல; நான்தான்.

மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் புறப்பட்டேன்.

முதலில் எங்கள் பூர்வீகக் கிராமத்தில் இறங்கினேன். ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. கும்பகோணத்துக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவில் உள்ளது என்பது போதும். கொள்ளுத்தாத்தாவின் வீடு இருந்த இடத்தில் ஒரு செல்போன் ரிப்பேர் கடையும், உரக் கடையும் இருக்கின்றன. முன்சீப் உத்தியோகமும் இப்போது இல்லை. பரம்பரை கிராம உத்தியோகங்களை 1980-ல் சர்க்கார் ஒழித்துவிட்டது. நான் பிறந்த வருஷமும் அதுவே. சாலையை அகலப்படுத்தியபோது மரங்களை வெட்டிவிட்டார்கள். உரக் கடைக்காரரிடம், "இங்கே புளியமரம் இருந்ததா?" என்று கேட்டேன். "நிறைய இருந்துச்சு சார், எதைக் கேக்கறீங்க?" என்றார். பதில் சொல்லத் தெரியாமல் பஸ் ஏறினேன்.

திருத்துறைப்பூண்டியில் ஒரு டீ குடித்தேன். நல்ல டீ. அந்த ஊரைப் பற்றி அதற்குமேல் சொல்லும்படி நான் அங்கே தங்கவில்லை, ரயில் நின்றுகொண்டிருந்தது.

திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளி போகும் 37 கிலோமீட்டர் கிளைப்பாதை, 2004-ல் மீட்டர் கேஜ் வண்டி நின்றதற்குப் பிறகு, ஏறக்குறைய இருபது வருஷம் புல் முளைத்துக் கிடந்தது. அகலப் பாதையாக மாற்றி 2023-ம் வருஷம் ஏப்ரல் மாதம் மீண்டும் வண்டி விட்டார்கள். அவசரக்காரர்கள் பஸ்ஸில் போவார்கள். அவசரமில்லாதவர்களுக்கும் என்னைப்போல் யோசனை செய்ய வேண்டியவர்களுக்கும் இந்த வண்டியைச் சிபாரிசு செய்கிறேன். கரியாப்பட்டினம், குரவப்புலம், நெய்விளக்கு, தோப்புத்துறை என்று ஸ்டேஷன் பெயர்களே ஒரு ஸுகம். 'நெய்விளக்கு' என்று ஒரு ஊருக்குப் பெயர் வைத்தவர் யாரோ, அவருக்கு ஒரு நமஸ்காரம். முதலில் வயல், பிறகு தென்னையும் மாமரமும், போகப் போக மண்ணின் நிறம் வெளுத்துக்கொண்டே வருகிறது. தென்னந்தோப்புகளில் பாதி மரங்கள் சிறு பிள்ளைகளாக இருக்கின்றன. 2018-ம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி விடியற்காலையில் 'கஜா' புயல் இந்தக் கரையில்தான் ஏறிற்று. அந்தத் தென்னைகளின் வயதே அதைச் சொல்லிவிடுகிறது.

வேதாரண்யத்தில் இறங்கிக் கோயிலுக்குப் போனேன். திருவாரூருக்குத் தேரழகு என்றால் வேதாரண்யத்துக்கு விளக்கழகு என்பார்கள். அணையப் போன விளக்கின் திரியைத் தற்செயலாகத் தூண்டிவிட்ட எலி, மறுபிறவியில் மகாபலிச் சக்கரவர்த்தியாயிற்று என்பது ஸ்தல புராணம். நோக்கமே இல்லாமல் செய்த நல்ல காரியத்துக்கு ஒரு ராஜ்யம் கிடைக்குமானால், நோக்கம் இருந்தும் கதவைத் திறக்காதவருக்கு என்ன கிடைக்கும் என்ற கேள்வி வந்தது. கோயிலில் இப்படியெல்லாம் கேள்வி வரக்கூடாது. கதவு என்றதும் நினைவுக்கு வருகிறது: வேதங்கள் பூஜித்து அடைத்துவிட்டுப் போன கதவைத் திருநாவுக்கரசர் பாடித் திறந்தார், ஞானசம்பந்தர் பாடி மூடினார் என்பதும் இதே ஸந்நிதியில்தான். திறக்கப் பல பாட்டுக்கள் தேவைப்பட்டன. மூட ஒரே பாட்டுப் போதுமாயிருந்ததாம். இங்கே ஸரஸ்வதியின் கையில் வீணை கிடையாது. அம்பாளின் குரல் யாழையும் பழிக்கும் இனிமை உடையது என்பதால், கலைமகள் வீணையைக் கீழே வைத்துவிட்டாளாம். பாட்டுத் தெரியாமல் பாடுகிறவர்கள் மலிந்திருக்கும் உலகத்தில் இது ஒரு நல்ல முன்மாதிரி.

ஊருக்குள் ஒரு ஸ்தூபியைத் தேடிப் போனேன். அது பெரிய தலைவர் யாருடையதும் அல்ல; வைரப்பன் என்ற நாவிதருடையது. சத்தியாக்கிரகத்தின்போது போலீஸ்காரர்களுக்கு க்ஷவரம் செய்வதில்லை என்று இவ்வூர் நாவிதர்கள் தீர்மானித்திருந்தார்கள். வைரப்பனிடம் ஒருவர் வந்து உட்கார்ந்தார். பாதி முகம் மழித்த பிறகுதான் உட்கார்ந்திருப்பவர் போலீஸ்காரர் என்று தெரிந்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டார். வழக்கு வந்தது. வேண்டுமானால் அதிகாரியே மீதியைச் சிரைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிச் சிறைக்குப் போனார் என்று ஊரார் இன்றும் சிரித்துக்கொண்டு சொல்கிறார்கள். அந்தச் சிறு தூணின் எதிரில் நான் கொஞ்ச நேரம் நின்றேன். மானியமும் முத்திரையும் தண்டல்காரனும் உடைய ஒரு கிராம முன்சீப்புக்கு இல்லாத துணிச்சல், ஒரு கத்தியும் கிண்ணமும் தவிர வேறு சொத்தில்லாதவருக்கு எப்படி வந்தது? இழக்க ஒன்றுமில்லாதவனுக்குத் துணிச்சல் சுலபம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. ஆறு மாதம் வேலையில்லாமல் போனால் யார் வீட்டில் அடுப்பு முதலில் அணையும்?

வேதாரண்யத்துக்கு அடுத்த அகஸ்தியம்பள்ளியில், உப்பு அள்ளியதன் நினைவாக ஒரு தூண் நிற்கிறது. தூணைப் பார்க்க ஐந்து நிமிஷம் போதும். அதன் சுற்றுப்புறத்தைப் பார்க்கத்தான் நாள் போதாது. கண்ணுக்கெட்டிய வரையில் பாத்தி, பாத்தி, பாத்தி. ஒன்றில் வானம் தெரிகிறது. அடுத்ததில் பால் ஏடு படிந்தாற்போல் இருக்கிறது. அதற்கடுத்ததில் வெள்ளை வெளேரென்று உப்பு. வெயிலில் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கறுப்புக் கண்ணாடி கொண்டுபோகாதவன் புத்தியைத் தானே நொந்துகொள்ள வேண்டியதுதான்.

அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் நீண்ட கழியுள்ள மரப்பலகையால் உப்பை வாரிக் கரைக்கு இழுத்துக்கொண்டிருந்தார். வரப்பில் நின்றபடி, "அம்மா, கடல் தண்ணீரை இப்படியே பாத்தியில் விட்டுவிடுவீர்களா?" என்று கேட்டேன்.

"கடல் தண்ணியா? இந்தப் பாத்திக்குக் கடல் தண்ணி இல்லை தம்பி. இது மண்ணுக்கடியிலேருந்து இறைக்கிறது. கடல் தண்ணியைவிடக் கரிப்பு" என்றார். பலகையை ஊன்றிக்கொண்டு, என்னை ஏற இறங்கப் பார்த்து, "தம்பி வாத்தியாரா?" என்றும் கேட்டார். எப்படித் தெரியும் என்றேன். "கேள்வி கேக்கிற மாதிரியிலே தெரியுது."

அதற்கப்புறம் பாடம் நடத்தியவர் அவர், மாணாக்கன் நான். முதலில் பெரிய பாத்தியில் தண்ணீரைத் தேக்கி வெயிலில் காய விட வேண்டும். சுண்டச் சுண்ட அடுத்த பாத்திக்கு மாற்ற வேண்டும். உப்பு இறங்குவதற்கு முன்னால் ஜிப்ஸம் இறங்கிவிடும். அதை அங்கேயே விட்டுவிட்டுத் தெளிவை மட்டும் கடைசிப் பாத்திக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு கண்ணாடிக் குழாயை மிதக்க விட்டு 'டிகிரி' பார்க்கிறார்கள். சுமார் 25 டிகிரி வந்தால் உப்புப் பூக்க ஆரம்பிக்கும். எல்லாத் தண்ணீரும் வற்றும்வரை விடவும் கூடாது. விட்டால் மக்னீஷிய உப்புக்களும் கூடவே இறங்கி உப்புக் கசந்துபோகும். ஆகவே கடைசித் தண்ணீரை வடித்துவிட வேண்டும். பருவம் தொடங்குவதற்கு முன்னால் பாத்தியின் தரையைக் காலாலேயே மிதித்து மிதித்துச் சிமெண்டைப்போல் இறுக்குவார்களாம். அவருடைய பாதங்களைப் பார்த்தேன். அவற்றைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

"அடுப்பில் வைத்துக் காய்ச்சுவது கிடையாதா?" என்று கேட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் அடுத்த பாத்திக்காரரும் திரும்பிப் பார்த்தார். பதினெட்டு வருஷமாக என் மாணாக்கர்கள் இந்தப் பாடத்துக்குப் படம் போடும்போதெல்லாம் ஒரு பெரிய அண்டாவையும் அதன் கீழே நெருப்பையும் போடுகிறார்கள். நானும் சரி என்று கையெழுத்துப் போட்டு வந்திருக்கிறேன். 1930-ல் தேசத்தின் வேறு பல இடங்களில் கடல் நீரைக் காய்ச்சினார்கள் என்பது வாஸ்தவம். இங்கேயோ சூரிய பகவான் தரையிலேயே காய்ச்சி வைத்திருக்கிறார். குனிந்து அள்ள வேண்டியதுதான் பாக்கி. குனிந்து அள்ளுவது குற்றமாக இருந்தது என்பதன் அநியாயம் இந்த வெளியில் நின்றால்தான் உறைக்கிறது. காலடியில் கிடக்கிற பொருள். அதற்கு அன்று மணங்கு ஒன்றுக்கு ஒண்ணேகால் ரூபாய் வரி.

"இங்கே அந்தக் காலத்தில் ராஜாஜி வந்து..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் தம்பி. வருஷா வருஷம் சித்திரையிலே வருவாங்க. தூணுக்கு மாலை போடுவாங்க. ஒரு பிடி உப்பு அள்ளுவாங்க. அள்ளட்டும், நல்லதுதான். பாத்தியிலே செருப்போட இறங்காம இருந்தாப் போதும்."

மழைதான் தங்களுக்குச் சத்துரு என்று சொன்னார். உலகமெல்லாம் மழைக்கு வேண்டிக்கொள்ளும்போது இவர்கள் வேண்டாம் என்று வேண்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. பருவம் தவறி ஒரு மழை பெய்தால் பாத்தியில் பூத்ததெல்லாம் கரைந்துபோகும், மறுபடியும் முதலிலிருந்து. கஜா புயலின்போது கடல் சேற்றைக் கொண்டுவந்து பாத்திகளில் கொட்டிவிட்டுப் போயிற்றாம். அதை வாரி எடுத்த கதையைச் சொல்லும்போதும் அவர் குரல் உயரவில்லை.

கிளம்பும்போது, பையன்களுக்குக் காட்ட வேண்டும் என்று கொஞ்சம் உப்புக் கேட்டேன். என் டிபன் டப்பாவை வாங்கி நிறையப் போட்டுக் கொடுத்தார். பணம் எடுத்தேன். "உப்புக்குக் காசு வாங்குவாங்களா தம்பி?" என்றார். உப்பு விளைவித்தே பிழைக்கிறவர் சொன்ன வார்த்தை!

கோடியக்கரைக்கும் போனேன், பத்துக் கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ஒரு காலத்தில் ரயில் அங்கே வரையில் போயிற்று. இப்போது அகஸ்தியம்பள்ளியோடு நின்றுவிடுகிறது. 'பொன்னியின் செல்வ'னைப் படித்துவிட்டு வருகிறவர்கள் பூங்குழலியைத் தேடுகிறார்கள். கிடைப்பது வெளிமான்கள்தான், அவையும் அழகில் குறைந்தவை அல்ல. 1967-ல் சரணாலயமாக்கப்பட்ட காடு. யாருக்கும் சொந்தமில்லாத குதிரைகள் சில, சர்க்கார் குமாஸ்தாக்கள் மத்தியானத்தில் உலாவுவதுபோல் அவசரமில்லாமல் உலாவிக்கொண்டிருந்தன. சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட பழைய கலங்கரை விளக்கத்தின் மிச்சத்தை 2004-ம் வருஷத்துச் சுனாமி கொண்டுபோய்விட்டது. பூநாரைகளைத் தூரத்தில் ஓர் இளஞ்சிவப்புக் கோடாகப் பார்த்தேன். கோடு திடீரென்று எழுந்து பறந்தது. அதைப் பற்றிச் சாவகாசமாக இன்னொரு வாரம் எழுதுகிறேன். அன்று என் மனம் பறவைகளிடத்தில் இல்லை.

திரும்பும்போது ஜன்னலோரத்தில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொள்ளுத்தாத்தாவுக்கு நான் வக்கீலாக இருந்து பார்த்தேன். ஐந்து குழந்தைகள், முன்சீப் உத்தியோகம் போனால் வேறு வழி கிடையாது, உத்தரவோ கண்டிப்பானது. எல்லாம் சரியான வாதங்கள்தான். ஆனால், அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லையே? தன் கட்சி ஜயித்தவர் ஏன் பட்டினி கிடக்க வேண்டும்? வக்கீல் அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டார்.

திங்கட்கிழமை வகுப்பில் டப்பாவைத் திறந்து மேஜைமேல் வைத்தேன். எல்லோரும் ஒரு கல் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்கள். அண்டா, நெருப்புப் படத்தை அடிக்கச் சொன்னேன். மூன்றாவது பெஞ்சிக்காரன் எழுந்தான்.

"மரத்தைப் பார்த்தீர்களா, சார்?"

"இல்லை. அப்படி ஒரு மரம் இல்லை. உட்கார், சொல்கிறேன்" என்று, தாழ்ப்பாள் போட்டதிலிருந்து ராத்திரி சாப்பிடாதது வரையில் சொன்னேன். பன்னிரண்டு வருஷம் தெரிந்தே சொன்னதையும் சொன்னேன். தொண்டையைக் கனைக்கவில்லை. வகுப்பு அமைதியாக இருந்தது. நான் எதிர்பார்த்தபடி யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு பெண் மட்டும், "எங்கள் வீட்டிலேயும் தாத்தா சோறு கட்டினதாகத்தான் சொல்வார்கள், சார்" என்றாள். வீட்டில் போய்க் கேட்கப் போகிறாள் என்பது முகத்தில் தெரிந்தது. அவள் வீட்டாரிடம் நான் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

மூன்றாவது பெஞ்சிக்காரன் இன்னும் உட்காரவில்லை.

"அப்படியானால் அந்த அம்மா வடித்த சோறு என்ன ஆயிற்று, சார்?" என்று கேட்டான்.

அதை நான் அத்தைப் பாட்டியிடம் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.